திரையில் மூழ்கிய கேப்டன்

போன வாரம் விமான நிலையத்தில் தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவன் பெட்டியை மட்டும் வாங்கி வண்டியில் போட்ட ஒடெட், இன்று காலை அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று.

எல்லாம் அம்மாவின் ஏற்பாடு. "ஒரே ஒரு நாள். கடிச்சுக்காம குடும்பமா உக்காருங்க. ஊரே நம்மளத்தான் பாக்கும்" என்று பிலோமினா காலையிலேயே எச்சரித்துவிட்டாள்.

ஊரே வந்திருந்தது. நியூ பெட்ஃபோர்டின் அந்தப் பழைய தியேட்டர் இப்படி நிறைந்து பல வருடம் ஆகியிருக்கும். நாடு முழுக்க அடுத்த வெள்ளிக்கிழமைதான் படம் வெளியாகிறது. அதற்கு முன்பே பிறந்த ஊருக்கு ஒரு காட்சி போட வேண்டும் என்று ரெனாட்டோ கேட்டுக்கொண்டானாம். வாசலில் பெரிய சுவரொட்டி. மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி துறைமுகத்தில் நின்று கடலைப் பார்க்கும் ஓர் அழகான இளைஞன். மேலே 'கரை சேர்த்தவன்' என்று தலைப்பு. கீழே 'மூரின் பிறந்த கதை'.

மூரினைத் தெரியாதவர்கள் யார்? கண் விழித்ததும் பல்லைத் தேய்ப்பதற்கு முன் பாதி உலகம் கைப்பேசியில் அந்தச் செயலியைத்தான் திறக்கிறது. யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் யாரை விட்டுப் பிரிந்தார்கள், யார் வீட்டு நாய் செத்தது, எல்லாம் அதில்தான். அதன் தலைவன் ரெனாட்டோ மெடைரோஸ், சிப்பிப் படகு கேப்டன் அல்வரோவின் மகன் என்பதில் ஊருக்கு ஏகப் பெருமை.

அதை முதன்முதலில் உருவாக்கியது அவன் அக்கா என்பது ஊரில் பலருக்கு மறந்துபோயிருந்தது.

கடலுக்குப் போன படகுகளிலிருந்து யாருக்காவது சேதி வந்தால் எல்லா வீட்டுக்கும் தெரியட்டும் என்று, கல்லூரி முடித்த கையோடு, வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து ஒடெட் எழுதிய இணையப் பக்கம் அது. இன்று அவள் இதே ஊர்க் கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறாள். தன் மாணவர்களிடம்கூட அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

விளக்குகள் அணைந்தன.

நிலவறையை அச்சு அசலாகக் கட்டியிருந்தார்கள். தாழ்வான கூரை, ஓரத்தில் சாய்ந்த விளக்கு, மூலையில் துணி துவைக்கும் இயந்திரம். அந்த இயந்திரம்கூட இருந்தது. ஒடெட்தான் இல்லை. படத்தில் கேப்டனுக்கு ஒரே பிள்ளை.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இதற்கு அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். திரைக்கதையைத் தம்பி மூன்று முறை படித்துச் சம்மதம் கொடுத்திருக்கிறான் என்பதை அவனே வண்டியில் உளறிவிட்டான் அல்லவா?

ஆனால் அடுத்து வந்ததற்கு யாருமே தயாராக இல்லை.

புயல். மலை மாதிரி அலைகள். சாண்டா இரியா என்று பெயர் எழுதிய படகு. வெண்தாடி வைத்த கம்பீரமான கேப்டன் தன் ஆட்கள் ஒவ்வொருவரையும் இழுத்துக் காப்பாற்றுகிறார். கடைசியில் ரேடியோவைப் பிடித்து, "மகனே, எல்லாரையும் கரை சேர்த்துடு" என்கிறார். அலை வந்து அவரை அள்ளிக்கொண்டு போகிறது. வயலின்கள் அழுதன. தியேட்டரில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

பிலோமினா கட்டிவிட்ட டையோடு முன்வரிசையில் இருந்த அல்வரோ, எழுபது வயதுக் குரலைத் தாழ்த்தத் தெரியாமல் கேட்டார்:

"யாரு அது?"

"நீங்கதான், அப்பா" என்றாள் ஒடெட்.

"நான் செத்துட்டேனா?"

"ஆமா."

"எப்போ?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. அல்வரோ சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். அவர் தலையின் நிழல் திரையில் இருந்த கடலின் மேல் விழுந்தது.

"நிறுத்துங்கடா! இங்க ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். என்னைக் கடல்ல தள்ளிட்டு அழுதுக்கிட்டிருக்கீங்க!"

சிரிப்பு வலுத்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள்.

"டேய் ரெனாட்டோ!" அல்வரோவின் குரல் உடைந்தது. "ஜெக்கா எங்கடா? படகுல ஜெக்காவைக் காணோமே, எங்கடா அவன்?"

அவ்வளவுதான், சிரிப்பு நின்றுவிட்டது. ஜெக்கா சோசாவை அறியாதவர்கள் அந்தக் கூட்டத்தில் மிகக் குறைவு. நிஜத்தில், பதினான்கு வருடத்துக்கு முன் வந்த அந்தப் புயலில் சாண்டா இரியாவில் போனவர்கள் ஐந்து பேர். திரும்பியவர்கள் நான்கு பேர். திரும்பாதவன் ஜெக்கா.

நாலு வரிசை தள்ளி ஜெக்காவின் மனைவி பெல்மிரா எழுந்தாள். கோட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டாள். வழிவிட்டவர்களுக்கு ஒவ்வொருவராக நன்றி சொல்லிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

* * *

வண்டி நிறுத்துமிடத்தில் ஒடெட் தம்பியைப் பிடித்தாள்.

"நில்லுடா."

"இங்க வேண்டாம் ஒடெட். எல்லாரும் போன் வச்சிருக்காங்க."

"வச்சிருக்கட்டும். எடுத்து உன் மூரின்லயே போடட்டும். ஊரு உலகம் பாக்கட்டும்." அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்திருந்தாள். அது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. "என்னைத் தூக்கிட்ட. சரி, போனாப் போகுது. பெத்த அப்பன் என்னடா பண்ணான்? உன்னைத் தோள்ல தூக்கி வளத்தவன். உனக்கு நீச்சல் கத்துக் கொடுத்தவன். அவன் சாவைக்கூட அவனுக்கு விட்டு வைக்கலையா நீ?"

"அது என் முடிவு மட்டும் இல்ல. கதைக்கு ஒரு இழப்பு வேணும்னாங்க. மகனோட இழப்பா இருந்தாதான் மனசத் தொடும்னு..."

"இழப்புதான் இருந்துதே! பெல்மிரா அத்தை வீட்டுல இருந்துது!"

 கடற்கரைக் காற்றில் ரெனாட்டோவின், பணம் கொட்டி வெட்டிய தலைமுடி கலைந்து பறந்தது.

"நான் சொல்லட்டுமா ஏன்னு?" ஒடெட் குரலைத் தாழ்த்தினாள். கத்தியதைவிட அது பயங்கரமாக இருந்தது. "ஜெக்காவைக் காட்டினா அந்தச் சேதியைக் காட்டணும். 'சாண்டா இரியா பத்திரம், அஞ்சு பேரும் நலம்'. நான் தொடங்கின பக்கத்துல, பேர் போடாம, நீ எழுதின பொய். ஒரு மணி நேரத்துல ஊர் பூரா பரவிச்சு. அத்தை வீட்டுக்கு ஆளாளுக்கு கேக்கும் ரொட்டியுமா போனாங்க. மறுநாள் படகு நாலு பேரோட வந்துச்சு. அன்னைக்கே நான் பக்கத்தை மூடினேன். நீ என்ன பண்ண? எவ்வளவு வேகமா பரவிச்சுன்னு பாத்து வாயப் பொளந்த. நான் எழுதினதைத் தூக்கிக்கிட்டு காலேஜுக்குப் போன. அதுதான்டா மூரின் பிறந்த கதை."

 ரெனாட்டோ மறுக்கவில்லை. எப்போதும் மறுக்காதவன்தான். பதினான்கு வருடமாக இந்தக் குற்றச்சாட்டை அவள் எத்தனை முறை வீசியிருக்கிறாள்! ஒரு முறையாவது அவன் பதில் சொல்லியிருப்பானா?

"வீட்டுக்குப் போலாம்" என்றான். "நாலு மணிக்கு எனக்கு டிவி பேட்டி இருக்கு."

* * *

வீட்டில் கீரை சூப் கொதித்துக்கொண்டிருந்தது. காலையிலேயே பிலோமினா செய்து வைத்துவிட்டுப் போனது; வந்ததும் மறுபடி அடுப்பில் ஏற்றியிருந்தாள். மகனுக்குப் பிடிக்குமே என்று காரமான தொத்திறைச்சியைத் தாராளமாக வெட்டிப் போட்டிருந்தாள். நாலு தட்டு வைத்தாள். யாரும் உட்காரவில்லை.

அல்வரோ டையைப் பிய்த்து எறிந்தார்.

"என்னைச் சாகடிக்க எப்படிடா மனசு வந்துச்சு?"

"அப்பா, அது நீங்க இல்ல. ஒரு பாத்திரம்."

"படகு பேரு என்னோடது. ஊரு என்னோடது. தாடியை மட்டும் ஒட்டிட்டா வேற ஆளா? நாளைக்கு மீன் கடையில போய் நின்னா, 'வாங்க பேயே'ன்னு கூப்பிடுவானுங்க!"

"உங்களை ஹீரோவாத்தான் காட்டியிருக்கோம்."

"எவன் கேட்டான்? சொல்லுடா, எவன் கேட்டான்? ஜெக்காவைத் தூக்கிப் போட்டுட்டு அவன் இடத்துல என்னைப் படுக்க வச்சிருக்க. பெல்மிரா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

ரெனாட்டோ நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். காலையிலிருந்து பணிவாக இருந்தவனின் கழுத்து நரம்பு புடைத்தது.

"இத்தனை வருஷமா எப்படி முழிச்சீங்களோ அப்படித்தான்."



"என்ன சொன்ன?" என்றாள் ஒடெட்.

"ஒண்ணும் இல்ல."

"இல்ல. சொல்லு. என்ன அர்த்தம் அதுக்கு?"

"நான் பொய் எழுதல ஒடெட்." அவன் அக்காவைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ துறைமுகத்துல காத்துக்கிட்டிருந்த. அம்மா கோயில்ல இருந்தாங்க. நான்தான் கீழ ரேடியோ பக்கத்துல இருந்தேன். அப்பா பேசினார். 'அஞ்சு பேரும் நலம், வந்துக்கிட்டிருக்கோம்'னார். அதை அப்படியே எழுதினேன். ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல."

ஒடெட் சிரித்தாள். கோபத்தில் வந்த சிரிப்பு.

"பதினாலு வருஷம் கழிச்சு இப்படி ஒரு கதையா? அப்பா, கேட்டீங்களா இவன் பேசுறதை?"

 அல்வரோ சூப்புக் கரண்டியை எடுத்தார். எதற்கு எடுத்தோம் என்று தெரியாதவர்போல் திரும்ப வைத்தார்.

"அப்பா?"

"அல்வரோ" என்றாள் பிலோமினா. "இவன் என்ன சொல்றான்?"

அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"நான் பேசினப்போ ஜெக்கா போய் ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சு" என்றார்.

அல்வரோ இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார்.

"நம்ம படகோட அலைவரிசையில ரெண்டே வீட்டுலதான் ரேடியோப் பெட்டி இருந்துச்சு. இங்க ஒண்ணு. ஜெக்கா வீட்டுல ஒண்ணு. பெல்மிரா அடுப்பு பக்கத்துல வச்சிருப்பா. அந்தக் கரகரப்புக்குள்ள, பெட்டிக்குள்ளேர்ந்து, உன் புருஷன் இல்லன்னு எப்படிச் சொல்றது? நேர்ல போய்ச் சொல்லணும்னு நெனச்சேன். கரைக்கு வர்ற வரைக்கும் சமாளிக்கலாம்னு அஞ்சு பேரும் நலம்னேன். இவன் அதை எழுதுவான்னு, ஊர் பூரா போகும்னு எனக்குத் தெரியாது. அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்கு அப்ப சரியாப் புரியல."

"வந்து இறங்கினதும் என்னைத் தனியாக் கூப்பிட்டார்" என்றான் ரெனாட்டோ. "'ரேடியோவுல எதுவும் வரலன்னு சொல்லிடு'ன்னார். எனக்குப் பதினெட்டு வயசு. சொல்லிட்டேன். நீ என்னைப் பொய்யன்னு சொன்ன. இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

 ஒடெட் சுவரில் சாய்ந்துகொண்டாள். தம்பியின் திருமணத்துக்கு அவள் போகவில்லை. அவன் மகளை இதுவரை தூக்கியதில்லை. எல்லாம் இந்த ஒரு பொய்க்காக. அது அவனுடைய பொய்யே இல்லை.

ஒரு நிமிடம் இரக்கம் எட்டிப் பார்த்தது. அடுத்த நிமிடமே அவள் தலையைத் தூக்கினாள்.

"அப்பாவுக்காக வாயை மூடிக்கிட்ட. சரி. உன்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன்டா, மனசாரக் கேக்குறேன். ஆனா படம்? அது யாருக்காக?"

"அதுவும் அப்பாவுக்காகத்தான். செத்தவரை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

"அப்பாவுக்கா, உன் கம்பெனிக்கா? முதல் முதல்ல ஊரைச் சுத்தி வந்ததே ஒரு பொய்ச் சேதின்னு தெரிஞ்சா உன் மூரினை எவன் நம்புவான்? நான் படத்துல இருந்தா, ஏன் மறுநாளே பக்கத்தை மூடினாள்னு கேப்பாங்க. அதனால என்னைக் காணோம். ஜெக்கா இருந்தா, யாரு எழுதினதுன்னு கேப்பாங்க. அதனால அவனைக் காணோம். கடைசியில உயிரோட இருக்கிற மனுஷனையும் மூழ்கடிச்சாச்சு. அப்பா சொன்னது ஒரு பொய். உயிரு நடுங்கிச் சொன்னது. நீ அதை வச்சு ஒரு அரண்மனையே கட்டிட்ட!"



அல்வரோ எழுந்தார். வாசலுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தார்.

"எங்க போறீங்க?" என்றான் ரெனாட்டோ.

"பெல்மிரா வீட்டுக்கு."

"இன்னைக்கு வேண்டாம் அப்பா. தயவு செஞ்சு. அடுத்த வெள்ளிக்கிழமை படம் வெளிய வருது. அது முடியட்டும். நானே கூட வர்றேன். பத்திரிகைக்காரங்க ஊர்ல இருக்காங்க, இப்ப ஒரு வார்த்தை வெளிய போனாக்கூட..."

பிலோமினா அடுப்பை அணைத்தாள். மகனுக்கு முன்னால் இருந்த தட்டை எடுத்தாள். கொண்டுபோய்த் தொட்டியில் போட்டாள். போட்ட வேகத்தில் அது இரண்டாக உடைந்தது.

"உன் பேட்டிக்கு நேரமாச்சு" என்றாள். "கெளம்பு."

* * *

மூன்றடுக்கு வீட்டின் இரண்டாம் மாடியில் பெல்மிரா குடியிருந்தாள். ஒடெட் வண்டி ஓட்டிய வழி முழுக்க அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மேலும் அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் படிக்கட்டில் அவர் மூச்சு வாங்க நின்றபோது, கை தானாக அவர் முழங்கையைப் பிடித்தது.

பெல்மிரா கதவைத் திறந்தாள். தியேட்டருக்குப் போட்டு வந்த நல்ல உடையை இன்னும் மாற்றவில்லை.

"வா அல்வரோ" என்றாள். "செத்தவன் படி ஏறி வந்துட்ட."

அவர் தொப்பியைக் கழற்றினார். உள்ளே வரவில்லை.

"உக்காந்து பேசலாமே அத்தை" என்று ஒடெட் தொடங்கினாள்.

"நின்னுக்கிட்டே சொல்லிடறேன்" என்றார் அல்வரோ. "உக்காந்தா வாய் வராது. அந்தப் பொய்ச் சேதி இருக்கே பெல்மிரா, அஞ்சு பேரும் நலம்னு வந்துது. அதை எழுதினது என் பையன். சொன்னது நான். ரேடியோவுல நான்தான் சொன்னேன். ஜெக்கா அப்பவே இல்ல. உனக்கு அந்தப் பெட்டி வழியாத் தெரியக் கூடாதுன்னு சொன்னேன். அப்புறம் சொல்ற தைரியம் வரல. வருஷா வருஷம் உன் வீட்டுக்கு வந்து காபி குடிச்சுட்டுப் போனேன். சொல்லல."

அவர் முகத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

பெல்மிரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன அத்தை?" என்றாள் ஒடெட்.

"அன்னைக்கு என் பெட்டி ஓடிக்கிட்டுத்தான் இருந்துது. உங்கப்பா குரலைக் கேட்டேன்." அவள் அல்வரோ பக்கம் திரும்பினாள். "இருபது வருஷமா நீ பேசிக் கேட்டிருக்கேன். 'வர்றோம், சோத்தை வை' அப்படிம்ப. அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாளாவது ஆளை எண்ணிச் சொன்னதுண்டா நீ? அன்னைக்கு எண்ணின. அஞ்சு பேருன்னு எண்ணின. அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு."

"அப்போ... ஊர் பூரா கேக் எடுத்துக்கிட்டு வந்தப்போ..." என்றாள் ஒடெட்.

"எல்லாரையும் உக்கார வச்சேன். வெட்டிக் கொடுத்தேன். என்ன பண்ணச் சொல்ற? 'உங்க சந்தோஷம் பொய்'னு அத்தனை பேர்கிட்டயும் நான் சொல்லணுமா? ஒருத்தன் ஒரு பொய்யைச் சொல்லிட்டுப் போயிடறான். அதுக்கு விருந்து வைக்கிறது யாரு? நான்தான் வச்சேன்." அவள் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "இன்னைக்கு உன் பையன் படம் எடுத்து, என் புருஷன் பொறக்கவே இல்லன்னு சொல்லிட்டான். அதையும் டிக்கெட் அனுப்பி, கூப்பிட்டு வச்சுக் காட்டுறான்!"

"அதை நான் நிறுத்துறேன்" என்றார் அல்வரோ. "எந்த டிவி முன்னாலயும் வந்து சொல்றேன். நீ சொல்லு பெல்மிரா, நீ சொல்றதைச் செய்யறேன்."

"டிவி கெடக்கட்டும்."

பெல்மிரா ஒரு அடி முன்னால் வந்தாள். அவருக்கும் அவளுக்கும் நடுவே வாசற்படி மட்டும்தான்.

"பெட்டியில பொய் சொன்னது ஏன்னு சொல்லிட்ட. பதினாலு வருஷம் நான் காத்திருந்தது அதுக்கில்ல. காத்து திரும்பினதும் மத்த படகு எல்லாம் வலையைத் தூக்கிட்டுத் துறைமுகத்துக்குள்ள போயிடுச்சு. உன் படகு மட்டும் இன்னொரு வாட்டி வலையை இறக்கிச்சு. அதை இழுக்கத்தான் ஜெக்கா மேல் தளத்துக்கு வந்திருக்கான், அப்பத்தான் அலை தூக்கிட்டுப் போயிருக்கு. உன்கூட வந்த மூணு பேரையும் நான் கேட்டுப் பாத்துட்டேன். மூணு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டானுங்க."

அல்வரோவின் கையிலிருந்த தொப்பி நசுங்கியது.

"இறக்கச் சொன்னது யாரு அல்வரோ?"

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். உதவி கேட்கும் பார்வை.

ஒடெட் அவர் முழங்கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள்.